பிள்ளை பெற்றவள் அழுதால் அது ஈமான் குறைவு அல்ல



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஈமானியச் சொந்தங்களே! தாயின் சிறப்பைப் பற்றி நிறைய பயான் கேட்டிருக்கிறோம். தாயின் காலடியில் சுவர்க்கம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் ஒரு பெண் தாயாகிற அந்த முதல் சில மாதங்களில் அவள் மனது என்ன பாடுபடுகிறது என்று பேசுவதில்லை. வெட்கம் என்று மூடி வைக்கிறோம். இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்திருக்கும். வீடு நிறைய சொந்தம் இருக்கும். ஆனால் பெற்றவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவாள். பிள்ளையைத் தூக்கவே பயப்படுவாள். கேட்டால் சொல்லத் தெரியாது. உடனே என்ன பேச்சு வருகிறது? "அல்லாஹ் இவ்வளவு பெரிய நிஃமத்தைத் தந்திருக்கிறான், நன்றி இல்லாமல் அழுகிறாளே" என்பார்கள். "ஈமான் பத்தவில்லை" என்பார்கள். "காத்து கருப்பு அண்டிவிட்டது" என்பார்கள். "நாங்கள் எல்லாம் ஏழு பெற்றோம், இப்படியா கிடந்தோம்" என்பார்கள்.

இப்போது குர்ஆனைத் திறந்து 19வது அத்தியாயத்தைப் பாருங்கள். ஒரு பெண்ணின் பெயரிலேயே அமைந்த அத்தியாயம். அல்லாஹ் தேர்ந்தெடுத்த மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்கள் பிரசவ வேதனையில் ஒரு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியபோது என்ன சொன்னார்கள்? இதற்கு முன்பே நான் மவுத்தாகி, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்ற கருத்தில் புலம்பினார்கள். 23வது வசனம்.

யோசித்துப் பாருங்கள். அதைவிட ஈமான் உள்ள பெண் யார்? வயிற்றில் இருப்பதோ ஒரு நபி. அப்படியும் அந்த வார்த்தை வந்தது. அதற்கு அல்லாஹ் கோபித்தானா? நன்றி கெட்டவள் என்றானா? இல்லை. கீழிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் ஜிப்ரீல் என்றும், பிறந்த குழந்தை ஈஸா நபிதான் என்றும் முஃபஸ்ஸிர்கள் இரு விதமாகச் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும், அந்த அழைப்பில் மர்யமுக்கு மூன்று விஷயங்கள் கிடைத்தன. முதலில், கவலைப்படாதே என்ற ஆறுதல். அடுத்து, காலடியில் ஓடும் தண்ணீரும் கனிந்த பேரீச்சம்பழமும். மூன்றாவது, மனிதர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம், மௌன நோன்பு என்று காட்டிவிடு என்ற பாதுகாப்பு. ஆறுதல், உடம்புக்கு வேண்டியது, ஊர் வாயிலிருந்து பாதுகாப்பு. இந்த மூன்றையும் நம் வீட்டுப் பெண்ணுக்கு நாம் கொடுக்கிறோமா?

முதலாவது ஆறுதல். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நீண்ட தொழுகையை நாடி நிற்பார்கள். பின் ஸஃப்பில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால் சுருக்கிவிடுவார்கள். காரணம், அந்தத் தாயின் மனது தவிக்கும் என்பது. புகாரியில் வருகிற செய்தி. தாயின் மனத் தவிப்புக்காகத் தொழுகையையே சுருக்கியவர்களின் உம்மத் நாம். அவள் அழும்போது நாம் நம் பேச்சையாவது சுருக்கக் கூடாதா?

மூஸா நபியின் தாயாரைப் பற்றி 28வது அத்தியாயம் சொல்கிறது. பிள்ளையை ஆற்றில் விட்ட பிறகு அவர்களின் உள்ளம் வெறுமையாகிவிட்டது. அல்லாஹ் அந்த உள்ளத்தை உறுதிப்படுத்தினான். பிறகு அவர்களின் கண் குளிர வேண்டும், கவலை தீர வேண்டும் என்றே பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான். தாயின் மனது அல்லாஹ்விடத்தில் சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது, உடம்புக்கு வேண்டியது. சாப்பாட்டு விஷயத்தில் நம் கடற்கரைப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. பால்சுறா வாங்கிப் புட்டு அவிப்பார்கள், பூண்டு வதக்கிக் கொடுப்பார்கள். அல்ஹம்து லில்லாஹ். ஆனால் மருந்து என்று வந்தால் தயங்குகிறோம். பிரசவம் ஆனவுடன் பெண்ணின் உடம்பில் சில ஹார்மோன்கள் ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. தூக்கமும் கெடுகிறது. முதல் இரண்டு வாரம் வருகிற அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மாருக்கு வரும், தானாகத் தணிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தணியவில்லை, பிள்ளை தூங்கும்போதும் இவள் தூங்கவில்லை, சோறு இறங்கவில்லை, நான் நல்ல உம்மா இல்லை என்று தன்னையே ஏசிக்கொள்கிறாள் என்றால் அது நோய். பேறுகால மனச்சோர்வு என்று அதற்குப் பெயர். இந்தியாவில் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிள்ளை பெற்ற தாய்மாரில் 100 பேருக்கு 22 பேர் வரை இதில் இருக்கிறார்கள் என்று 2017ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் வெளியிட்டது. அப்படியானால் நம் தெருவிலும் இருப்பார்கள்.

இன்னொன்று, அரிதானது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்கிறது என்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், பிள்ளையைப் பற்றி விபரீதமாகச் சொல்வாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது.

ஜின் இருப்பது உண்மை, நாம் நம்புகிறோம். ஆனால் புரியாத நோய்க்கெல்லாம் ஜின் என்று பெயர் வைக்கச் சொல்லி மார்க்கம் நமக்குக் கட்டளையிடவில்லை. மருந்தில்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்று சொன்ன நாயகம் அவர்கள், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் ஏவினார்கள். பள்ளிக்குத் தண்ணீர் கொண்டு வாருங்கள், ஓதித் தருகிறோம். ஆனால் அந்தத் தண்ணீரோடு டாக்டரின் மாத்திரையையும் விழுங்கச் சொல்லுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்களில் பலர் நோய் தீரும் என்று நம்பி வந்த குடும்பத்தார்தான். பாசம் இருந்தது, மருத்துவம் இல்லை.

இன்று சட்டமே மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் தாய்மாருக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. மனநலச் சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. ஆகவே "ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்" என்று பயப்பட வேண்டாம். மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்க முடியாதே என்ற பயமும் வேண்டாம். பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்தை டாக்டர் தருவார். அப்படியும் முடியவில்லை என்றால், தாய் தன் பிள்ளையின் காரணமாகத் துன்புறுத்தப்படக் கூடாது என்று 2வது அத்தியாயம் 233வது வசனம் நமக்கு வழி காட்டியிருக்கிறது. பால்குடி மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி, இருவரும் சம்மதித்துச் செய்யச் சொல்கிறது அந்த வசனம். இதில் கணவனும் மனைவியும் பேச வேண்டும் என்பதே குர்ஆனின் வழி.

மூன்றாவது, ஊர் வாயிலிருந்து பாதுகாப்பு. 2024 ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு அருகே, மாடியில் ஒரு தாயின் கையிலிருந்து தவறிய கைக்குழந்தை கீழே கூரைத் தகட்டில் விழுந்து தங்கியது. அக்கம்பக்கத்தார் அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். அந்த வீடியோ எல்லாருடைய செல்போனுக்கும் வந்தது. பிள்ளை பிழைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தாயை ஏசினார்கள். மூன்று வாரத்தில் அந்தத் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வந்தவர் என்று செய்தி வந்தது. ஒரு மரணத்துக்கு இதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யாரும் இல்லை. ஆனால் அந்த வீடியோவை ஏச்சோடு அடுத்தவருக்கு அனுப்பிய விரலுக்கும் மறுமையில் கேள்வி உண்டு.

மர்யம் அவர்களைப் பதில் சொல்லும் பாரத்திலிருந்தே அல்லாஹ் விடுவித்தான். நாமோ பிள்ளை பார்க்கப் போன இடத்தில் "பால் பத்தலையா", "பிள்ளை ஏன் இப்படி மெலிஞ்சிருக்கு", "மறுபடியும் பொம்பளைப் பிள்ளையா" என்று விசாரணை நடத்திவிட்டு வருகிறோம். வாய்க்குப் பூட்டுப் போடுங்கள்.

நம் ஆத்தூர் வெற்றிலைக்கு ஊர் ஊராகப் பெயர். கொடிக்கால் வைப்பவர்களுக்குத் தெரியும், வெற்றிலைக் கொடியை வெறும் வெயிலில் நட முடியாது. முதலில் அகத்தியை வளர்ப்பார்கள். நிழலும் பிடிமானமும் வந்த பிறகுதான் கொடி. பிள்ளை பெற்றவளுக்கு அந்த அகத்தி யார்? கணவரே, நீங்கள்தான். நாயகம் அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு ஒத்தாசை செய்தார்கள் என்று ஆயிஷா நாயகி சொல்லியிருக்கிறார்கள். இரவில் ஒரு முறை நீங்கள் எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டு, அவளைத் தூங்க விடுங்கள். சவுதியிலும் துபாயிலும் இருப்பவர்களே, போனில் பிள்ளையைக் காட்டச் சொல்வதற்கு முன் "நீ தூங்கினியா, சாப்பிட்டியா" என்று கேளுங்கள். மாமிமார்களே, நீங்கள் ஏழு பெற்றபோது தனியாக அழுத இரவுகள் உங்களுக்குத் தெரியும். அன்று உங்களை யாரும் கேட்கவில்லை. இன்று மருமகளைக் கேளுங்கள். அந்த நன்மை உங்களுக்கு.

இதைப் படிக்கிற சகோதரியே, நிஃபாஸ் காலத்தில் தொழுகை இல்லை என்பதால் அல்லாஹ்விடமிருந்து தூரமாகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். துஆவின் கதவு அடைபடவில்லை. சாக வேண்டும் போல எண்ணம் வந்தால் இன்றே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். 14416 என்ற அரசு எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. துணைக்கு ஆள் இல்லை என்றால் ஜமாஅத்தில் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வது எங்கள் கடமை.

யா அல்லாஹ்! எங்கள் வீட்டுத் தாய்மாரின் உள்ளங்களை, மூஸா நபியின் தாயாருடைய உள்ளத்தை உறுதிப்படுத்தியது போல் உறுதிப்படுத்துவாயாக. நோயில் இருப்பவர்களுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் நாவுகளை அவர்களுக்குக் காயமாக்காமல் மருந்தாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.