முன்பின் அறியாதவருக்காக அழலாமா?



2022-ம் ஆண்டு மார்ச் 4-ம் தேதி, ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன், ஓய்வுக்காகச் சென்றிருந்த தாய்லாந்து தேசத்தின் கோ சமுய் தீவில் திடீரென்று உயிர்நீத்தார். அவருக்கு வயது 52. செய்தி பரவிய சில மணி நேரத்தில், மெல்போர்ன் மைதானத்தின் வெளியே நிற்கும் அவருடைய சிலையை நாடி ஜனங்கள் வரத் தொடங்கினர். மலர்களை வைத்தனர், கிரிக்கெட் பந்துகளை வைத்தனர், அவருக்குப் பிரியமான பீர், சிகரெட், இறைச்சிப் பணியாரம் ஆகியவற்றையும் வைத்தனர். வளர்ந்த ஆண்கள் சிறுபிள்ளைகளைப் போல் அழுதனர். மார்ச் 30-ந் தேதி அதே மைதானத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்திற்கு 50,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

அழுதவர்களில் பெரும்பாலோர் அவரோடு ஒரு வார்த்தையேனும் பேசியவர்களல்லர். அவரும் இவர்களுடைய பெயரை அறியார். அப்படியானால் இந்தத் துக்கம் மெய்யானதா? இது நியாயந்தானா? சற்றுச் சிந்திப்போம்.

இவ்விளையாட்டில் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைச் சுழலவிடும் 'லெக் ஸ்பின்' என்னும் வித்தை மிகக் கடினமானது. வேகப்பந்து வீச்சு கோலோச்சிய காலத்தில், இவ்வித்தையில் தேர்ந்தவர்கள் வெகு சிலராய்க் குறைந்திருந்தனர். 1992-ல் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் 150 ஓட்டங்களைக் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்டை எடுத்தவர் வார்ன். ஆனால் மறு ஆண்டு ஜூன் 4-ந் தேதி, மான்செஸ்டர் நகரில் மைக் கேட்டிங் என்பவருக்கு அவர் வீசிய பந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, சடக்கெனத் திரும்பி, மட்டையைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைத் தட்டிற்று. அதை 'நூற்றாண்டின் பந்து' என்றே உலகம் அழைக்கலாயிற்று. 145 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 708. அவரை மிஞ்சியவர் 800 விக்கெட் எடுத்த இலங்கையின் முத்தையா முரளிதரன் ஒருவரே.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். முதலாவது: "உற்றாருமல்ல, உறவினருமல்ல, பழகாதவருக்காக அழுவது வெறும் வேஷம்" என்பர் சிலர். பழக்கத்தினால் மட்டுமே துக்கம் பிறக்கிறது என்பது இவர்கள் எண்ணம். அஃது அன்று. பெற்றுக்கொண்ட நன்மையினாலும் துக்கம் பிறக்கும். 1993-ல் பத்து வயதாயிருந்த சிறுவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். தகப்பனார் அருகில் உட்கார்ந்து அந்தப் பந்தைக் கண்டான். மறுநாளே தெருவில் மணிக்கட்டைத் திருப்பிப் பழகினான். 2022-ல் அவனுக்கு 39 வயது. தகப்பனார் இன்று இல்லாமலும் இருக்கலாம். வார்ன் இறந்தார் என்று கேட்டபோது, அந்தத் திண்ணையும் அந்தக் குரலும் அந்தச் சிரிப்பும் ஒருங்கே அவன் நெஞ்சில் எழுகின்றன. அவன் அழுவது ஓர் ஆட்டக்காரருக்காக மட்டுமன்று. அவன் கண்ணீர் பொய்யுமன்று.

இரண்டாவது ஆட்சேபம்: "அவர் உத்தமர் அல்லரே!" மெய்தான். தடை செய்யப்பட்ட மருந்தை உட்கொண்டதற்காக 2003-ல் ஓராண்டு ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். சூதாட்டத் தரகன் ஒருவனிடம் பணம் பெற்று ஆடுகள நிலவரம் கூறியதற்காக அபராதமும் செலுத்தினார். இவற்றை மூடி மறைத்துப் புகழ்வது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆயினும், நன்றி செலுத்துமுன் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பவர் எவர்? நமக்கு எழுத்தறிவித்தவர் முன்கோபியாக இருந்திருக்கலாம். அதனால் நாம் கற்ற எழுத்து அழிந்துபோகுமா? சிலையடியில் பீரையும் சிகரெட்டையும் வைத்தவர்கள், தாங்கள் உத்தமர் ஒருவரை வணங்குவதாக எண்ணவில்லை. குறைகளோடுகூட அவரை அறிந்திருந்தார்கள், அறிந்தே அழுதார்கள்.

மூன்றாவது ஆட்சேபமே கனமானது: "அதே தினத்தில் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் மாண்டனரே, அவர்களுக்காக அழுதவர் எங்கே?" இதற்கு எளிதில் விடை கூற முடியாது. இருதயம் தராசு அல்ல. எல்லாருக்கும் சமமாக நிறுத்துக் கொடுக்க அதனால் இயலாது என்பது ஒருபுறமிருக்க, இக்கேள்வி நம்மைக் குத்தவே செய்கிறது. ஆனால் எதற்காகக் குத்துகிறது? தூரத்தில் இருந்தவருக்காக அழுதோம் என்பது குற்றமன்று. அண்டை வீட்டில் சாவு நேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டோமே, அதுவே குற்றம். முன்னதைக் குறைத்தால் பின்னது சரியாகிவிடாது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். வார்ன் மாண்ட அதே நாளில், ஆஸ்திரேலியாவின் பழைய விக்கெட் காப்பாளர் ராட் மார்ஷ் தமது 74-ம் வயதில் காலமானார். அச்செய்தியைக் கேட்ட வார்ன், அந்த மூத்தவரைப் போற்றி இரங்கல் வார்த்தை எழுதினார். எழுதிய சில மணி நேரத்தில் உலகமே அவருக்காக இரங்கல் எழுதிக்கொண்டிருந்தது! பிறருக்குச் செலுத்தவேண்டிய நன்றியை நாளைக்கென்று அவர் ஒத்திவைத்திருந்தால், அந்த நாளை அவருக்கு வரவே இல்லை.

ஆகவே துக்கம் நியாயமானதா என்று கேட்பதைவிட, அத்துக்கம் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பதே தகும். கண்ணீர் காய்ந்ததோடு முடிந்தால் அது வேடிக்கை பார்த்ததற்குச் சமானம். வார்னின் பெயரால் ஏற்பட்ட அறநிலையம், 2023 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்ற சமயத்தில், ஆட்டம் காண வந்தவர்களுக்கு இருதய நலப் பரிசோதனையை இலவசமாகச் செய்வித்தது. இறந்தவருக்காகப் பட்ட துயரம், உயிரோடு இருப்பவருக்குக் காவலாயிற்று. துக்கத்துக்கு இதைவிட நல்ல முடிவு வேறென்ன?

நம் வீடுகளிலும் அப்படியே ஆகட்டும். சிலைக்குச் சாத்தும் மாலையின் வாசனையைச் சிலை அறியாது. உங்களுக்கு முதல் எழுத்தைக் கற்பித்த ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா? சென்று பாருங்கள். விடியுமுன் எழுந்து உலை வைத்த தாய் இருக்கிறாளா? "நன்றாயிருந்தது அம்மா" என்று இன்றைக்கே சொல்லுங்கள். மார்வலியை வாயுவென்று சொல்லித் தட்டிக்கழிக்கும் தகப்பனாரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளே, நீங்கள் விரும்பும் வீரர் மறைந்தால் வெட்கப்படாமல் அழுங்கள். அழுதபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர் யார் என்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் செலுத்தவேண்டிய கடன் அங்கேதான் இருக்கிறது.