பயன் தராத பறவைகள்

ஓர் ஊரார் தங்களுக்குப் பயன் தருகிறது என்பதற்காகப் பறவையைக் காத்தால் அந்தக் காவலின் மதிப்பு குறையுமா என்பது, அன்புக்குக் கைம்மாறு வேண்டுமா என்னும் பழைய கேள்வியின் இன்னொரு வடிவமே ஆகும்.

உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களின் வேளாண்மை ஏரியை நம்பி வளர்ந்தது. ஏரிகளைப் பராமரிக்கும் ஏரி வாரியத்தைக் குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில், தேர்ந்தெடுத்ததை உத்திரமேரூரின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இதே ஏரி நாட்டைச் சேர்ந்த வேடந்தாங்கலில், பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி ஊரார் முறையிட, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்து ஆணையிட்டார். நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும் நாரைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். தமக்கு நன்மை செய்யும் உயிரிடம் நன்றி பாராட்டுவதில் இழிவு ஏதுமில்லை. தீபாவளியன்றும் வெடி வெடிக்காமல் இருக்கும் அவர்களது கட்டுப்பாடு நன்றியில் தொடங்கிப் பாசமாக முதிர்ந்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

கோடியக்கரையில் இந்த விளக்கம் போதாது. சோழமண்டலக் கரை தெற்கே ஓடிவந்து பாக் நீரிணையின் பக்கம் மேற்கே திரும்பும் இம்முனையில், வடகிழக்குப் பருவக்காற்று தடுப்பாரின்றி வீசும். சேற்றுப் பரப்புகளையும் உப்பளங்களையும் நாடி, வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து உள்ளான் என்னும் கரைப்பறவைகள் வலசை வருகின்றன. வலசை என்பது பருவந்தோறும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சென்று திரும்பும் நெடும்பயணம். அவற்றுள் கொசு உள்ளான் ஏறத்தாழ 30 கிராம் எடையே உடையது. அலை பின்வாங்கிய ஈரச் சேற்றில் குனிந்த தலை நிமிராமல் ஓடி ஓடிக் கொத்தும் அச்சிறு பறவை, யாருடைய வயலுக்கும் உரமிடுவதில்லை, இங்கே கூடு கட்டுவதுமில்லை. அத்தகைய பறவைகளின் காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையத்தை மாட்டி, அவை செல்லும் வழியைக் கண்டறியும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இக்கரையில் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்துள்ளனர். 1967இல் சரணாலயமான இவ்விடம், ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையின் பட்டியலில் 2002இல் சேர்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் இதே கரையைத் தாக்கிக் காட்டைச் சிதைத்தபோது மானும் பறவையும் மாண்டன. அரண் என்று நாம் வரைந்த எல்லைக்கோடு காற்றுக்குத் தெரியாது.

கைம்மாறு தராத உயிரை நோக்கி நிற்பவர், தம் தேவையை ஒதுக்கிவைத்து அதன் தேவையை அறியக் கற்கிறார். பறவை நோக்குதலின் பெரும்பயன் இதுவே, அரிய இனங்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் சேர்ப்பது அதற்கு அடுத்ததுதான். ஏரிக்கரையில் நன்றியாகப் பிறந்த பண்பு கடற்கரையில்தான் முழுமை பெறுகிறது.

தை, மாசியில் கோடியக்கரை செல்வோர் படமெடுப்பதற்காக உள்ளான் கூட்டத்தை நெருங்கிக் கலைக்க வேண்டா. ஒவ்வொரு முறை எழும்பிப் பறக்கும்போதும், வடக்கே திரும்புவதற்காக அது உடலில் சேர்க்கும் கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது.