சேற்றுக்கு உரியோர் யார்?

பசித்த வயிறுகள் நிறைந்த உலகிலே, குளக்கரையில் குந்திக் குருவி பார்த்திருப்பது கொழுத்தவன் பொழுதுபோக்கல்லவா? தோழர் சிலர் கேட்கின்றனர். கேலிக்காக அல்ல, மக்கள்பால் கொண்ட பற்றினாலே கேட்கின்றனர். விடை கூறத்தான் வேண்டும்.

பங்குனி சித்திரையில் நம் ஊர்க் குளங்கள் வற்றும், சேறு தலைகாட்டும். உள்ளான்கள் வாலை ஆட்டியபடி அலகால் அதைத் துழாவும். ஒரு நாள் பார்த்தால், இல்லை! குளம் வற்றிற்று, பறவை போயிற்று என்பான் உற்று நோக்காதவன். நீர் நிறைந்த குளத்தை விட்டும் அது போகிறதே! வடபுலத்தே பனி உருகும் பருவம். முட்டையிடும் மண் அங்கே. (சகுனம் பார்ப்பவனும் பறவை பார்ப்பவன்தானே என்பீர். அல்ல, அவன் பார்ப்பது தன் அச்சத்தை.)

இந்த உள்ளானுக்கு உறவான பெரிய இனம் ஒன்று, வேறு வழியில், வடமேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மஞ்சள் கடற்கரைக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் இறங்காமல் பறக்கிறது. கொழுப்பு மட்டுமா எரிகிறது? தசையும் குடலும் சுருங்குகின்றன. மூளையும் நுரையீரலுமே குறையாது எஞ்சுகின்றன. எலும்பும் தோலுமாய் இறங்கும் அதற்குச் சோறு, சேற்றிலுள்ள சிப்பி.

அத்தகைய சேற்றுவெளி தென்கொரியாவின் சேமான்கும். அதைப் பாழ்நிலம் என்றனர் ஆள்வோர். கடலை மறித்து நெல் விளைவிப்போம் என்று 1991-இல் 33 கிலோமீட்டர் சுவரைத் தொடங்கினர். நெல்லா, பறவையா என்று கேட்டால் நெல் என்றே நானும் சொல்வேன். ஆனால் கேள்வியே பொய். பறவை தின்ற அதே சேற்றுச் சிப்பியைப் பொறுக்கி விற்றுத்தான் மீனவப் பெண்கள் பிள்ளைகளை வளர்த்தனர். சேறு பாழாயிருந்தது யாருக்கு? அதில் கால் வைக்காதவனுக்கு! நெல்லும் நிலைக்கவில்லை, பின்னர் நிலத்தின் பெரும்பகுதி ஆலைக்கும் வணிகத்துக்கும் என்று திட்டம் திரும்பிற்று.

மீனவர் எதிர்த்தனர், வழக்குத் தோற்றது. 2006 ஏப்ரலில், பறவைகள் வந்திறங்கும் அதே திங்களில், கடைசி இடைவெளியும் அடைபட்டது. அலை வராத சேறு வெடித்தது. சிப்பி செத்தது. பெண்கள் பிழைப்பிழந்தனர்.

பறவைகள் வேறு கரைக்குப் போயிருக்கும் என்று சொல்லிவிடுவது எளிது. இடம் இழந்த ஏழையைப் பற்றியும் அப்படித்தானே சொல்கிறார்கள்? ஆனால் ஆண்டுதோறும் கரையில் நின்று எண்ணியவர்கள் இருந்தார்கள். அக்கம்பக்கக் கரைகளில் எண்ணிக்கை ஈடாக உயரவில்லை. ஆஸ்திரேலியக் கரையிலோ குறைந்தது. போனவை வேறெங்கும் போகவில்லை, மாண்டன. எண்ணியவன் இல்லையேல் அந்தப் பொய் மெய்யாகி நின்றிருக்கும். 2015-இல் அந்தப் பறவை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் ஏறிற்று.

2021-இல் அதே கொரியக் கரையில் எஞ்சிய சேற்றுவெளிகளை உலக மரபுச் செல்வம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றுள் இரண்டு, சேமான்கும் சுவருக்கு வடக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன.