கோயில் வாசலில் நாத்திகனுக்கு என்ன சோலி?

"சாமியே இல்லைங்கிறீங்க, அப்புறம் கோயில் வாசல்ல ஒங்களுக்கு என்னய்யா சோலி?" 2008-இல் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தின் தீண்டாமைச் சுவர்ப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தபோது எழுமலை டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். கூட வந்த தம்பிகள் சட்டம், அரசியல் சாசனம் என்று அடுக்கினார்கள். அவர் கேட்டதோ சட்டத்தைப் பற்றியல்ல. எங்கள் நேர்மையைப் பற்றி.

நான் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தில் இருந்தவன். 1980 நவம்பர் 3 அன்று பஞ்சாபின் லூதியானாவில் உருவான சங்கம் அது. செல்லூர் கிளையில் சேர்ந்ததும் என் கைக்கு வந்த முதல் புத்தகம், நாத்திகத்தைப் பற்றி பகத்சிங் 1930-இல் லாகூர் சிறையில் எழுதியது. அதைத் தமிழாக்கியதற்காக ஜீவா கைதானார். நான் சாமியை விட்டது அந்தப் புத்தகத்தால்தான்.

மதுரையில் கோயில் நுழைவு என்றதும் 1939 ஜூலை 8 நினைவுக்கு வரும். அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார் வைத்தியநாதய்யர். அவர் பக்தர். தன் சாமியை எல்லாருக்கும் பொதுவாக்கினார். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர் ஏறத்தாழ 600 மீட்டர் நீளம். தலித் மக்கள் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியாது. பிறகு அதன் மேல் மின்கம்பியும் ஓடியது. மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராட்டத்தைக் கையிலெடுக்க, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. ஊரின் முத்தாலம்மன் கோயில் அப்போதும் அவர்களுக்குத் திறக்கவில்லை. 2011 நவம்பரில்தான் அந்த மக்கள் அம்மனை உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இது. நான் சாமியை விட்டேன் என்றால், அதற்கு முன் என் அம்மா என் கையைப் பிடித்து எந்தக் கோயிலுக்குள்ளும் தடையில்லாமல் கூட்டிப்போயிருக்கிறாள். எல்லாம் பார்த்த பிறகு வேண்டாம் என்றேன். உள்ளே விடப்படாதவனிடம் அந்த 'வேண்டாம்' கிடையாது. அவன் கும்பிடாமல் இருப்பது அவன் எடுத்த முடிவல்ல, அவன்மேல் சுமத்தியது. என் நாத்திகம் ஒரு சுதந்திரம் என்றால், அதே சுதந்திரத்தின் மறுபாதி அவனுடைய பக்தி. அதைப் பூட்டி வைத்திருப்பவனிடம் சாவி கேட்க எனக்கு சாமி எதற்கு?

"கோயிலைத் திறந்துவிட்டால் மூடநம்பிக்கைதானே வளரும்?" என்று தோழர்களிலேயே சிலர் கேட்டதுண்டு. வளரலாம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர்களுக்கு எது நல்லது என்று வாசலில் நின்று நான் தீர்மானித்தால், சுவர் கட்டியவன் செய்ததையே வேறு காரணம் சொல்லி நானும் செய்கிறேன். பகத்சிங் தானாக யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்; யோசிப்பதை அடுத்தவருக்காகச் செய்துதர முடியாது.

சங்கத்தின் வயது வரம்பைத் தாண்டிவிட்டேன். இப்போதும் கிளை வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். திருநீறு பூசிய பையன்களும் வருகிறார்கள். திருநீறைப் பற்றி நான் கேட்பதில்லை. அவனவன் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.