முதுகுக்குப் பின்னால் வீசும் காற்று

மலைக்கோயில் யாத்திரையைப் பற்றி நம் முன்னோர் நிறையப் பேசியிருக்கிறார்கள். படியேறும்போது உண்டாகும் சிரமமும், உச்சியை அடைந்தவுடன் நெஞ்சில் நிறையும் ஆறுதலும், இறங்கும்போது கால்கள் தாமே நடப்பதுபோல் தோன்றும் இலகுவும் ஆன்ம சாதனத்துக்கு உவமைகளாக எடுத்தாளப்பட்டு நமக்குப் பழகிவிட்டன. இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று கடலை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்று எண்ணூர் முகத்துவாரத்தில் முடியும் ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீட்டர்ச் சாலையிலோ ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மேம்பாலங்களைத் தவிர்த்துப் பார்த்தால், கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே ஒரே சமபூமியாக அது கிடக்கிறது. இறக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓட்டம் இங்கே கிடையாது. மிதித்தால் உண்டு, நிறுத்தினால் இல்லை. இப்படிப்பட்ட சாலையில் சைக்கிளில் செல்பவனுக்கு முயற்சியையும் திருவருளையும் பற்றி ஒரு பாடம் கிடைக்கிறது என்பதும், மலை யாத்திரை தரும் பாடத்தைவிட அது நுட்பமானது என்பதும் என் துணிபு.

இந்தச் சாலைக்குச் சைக்கிள் புதிதன்று. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட நாள் முதல், உழைப்பைத் தேடி வருவோரின் பூமி இது. நாற்பதுகளின் இறுதியில் எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலையும், ஐம்பதுகளில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலையும், அறுபதுகளின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தபோது, விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குச் சென்ற தொழிலாளர்களின் சைக்கிள்களே இச்சாலையை நிறைத்தன. அந்தச் சைக்கிள்களைச் செய்த தொழிற்சாலையும் 1949-இல் பக்கத்து அம்பத்தூரில்தான் தோன்றியது. இன்று தேகப் பயிற்சிக்காகவும் உல்லாசத்துக்காகவும் சைக்கிள் ஏறும் நகரத்தார் பெரும்பாலும் தெற்கே மாமல்லபுரச் சாலையை நாடுகிறார்கள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும், அவை எழுப்பும் புழுதியையும் எண்ணி வடக்கே வரத் தயங்குகிறார்கள். அது இயல்பே. ஆனால் விடியுமுன் கிளம்பி வருபவனுக்கு, வலப்புறம் கடலும் இடப்புறம் ஆலைகளின் புகைபோக்கிகளும் உடன்வர, வேறெங்கும் கிட்டாத சிந்தனை கிட்டும்.

சமபூமியில் சைக்கிளுக்கு எதிர்ப்படும் மலை காற்று ஒன்றே. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று தமிழர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் இட்டு வைத்திருக்கிறார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எண்ணூரை நோக்கிப் போகிறவன் வாடையைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களிலோ, நிலம் காய்ந்தபின் தென்கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று அவனை முதுகில் தாங்கி வடக்கே கொண்டுபோகிறது. காற்றின் எதிர்ப்பு, அதற்கும் ஓட்டுபவனுக்கும் இடையிலுள்ள வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. அந்த வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரம். ஆகவே பின்னிருந்து வீசும் காற்று செய்யும் உபகாரம் சிறிதன்று. வியப்பு என்னவென்றால், அந்த உபகாரத்தைப் பெறுகிறவனுக்கு அது சற்றும் தெரிவதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறவனை அதே வேகத்தில் காற்றும் தொடர்ந்து வருமானால், அவன் மேனிக்குக் காற்றே இல்லாததுபோல் தோன்றும், வியர்வை உலராது, கன்னத்தில் குளிர்ச்சி படாது. உதவி மிகுதியாகக் கிடைக்கும் அந்தத் தருணத்திலேயே அவன் புழுக்கம் தாங்கவில்லை என்று முறையிடுகிறான். தன் கால்களின் வலிமை இன்று கூடியிருக்கிறது என்று மகிழவும் செய்கிறான். முகத்துவாரத்தை அடைந்து, தெற்கே திரும்பி முதல் மிதி மிதித்த கணத்தில்தான், இதுவரை தன்னோடு வந்தது எது என்று அவனுக்கு விளங்குகிறது.

சைவ சித்தாந்திகள் இறைவனுக்கு ஐந்து தொழில்கள் கூறினார்கள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றுள் முதல் மூன்றும் கடைசி ஒன்றும் ஏனைய சமயத்தாருக்கும் எளிதில் ஒப்பாகும். நான்காவதான மறைத்தல் ஒன்றுதான் கேட்பவரைத் திகைக்க வைப்பது. கருணையே வடிவான கடவுள் தன்னை ஏன் மறைத்துக்கொள்ளவேண்டும்? மெய்கண்டார் வழிவந்த ஆசிரியர்கள் இதற்குத் தந்த விடை ஆழமானது. அருள் தன்னைக் காட்டிக்கொண்டே உதவுமானால், உயிர் தன் இச்சையையும் அறிவையும் செயலையும் பயன்படுத்தாமலே இருந்துவிடும். ஆகையால், செய்கிறவன் தானே என்று உயிர் எண்ணும்படி விட்டு, அந்த எண்ணத்தின் பின்னால் நின்று, உயிரைப் பற்றியுள்ள மலமாகிய அழுக்கு பரிபாகம் அடையும் வரையில் அருளே மறைந்து நடத்துகிறது. அந்த மறைக்கும் சக்திக்குத் திரோதானம் என்று பெயர். மலத்தோடு சேர்ந்து தொழில் செய்வதனால் அதனையும் மலங்களுள் ஒன்றாக எண்ணும் வழக்குகூட உண்டு. ஆயினும் அது உண்மையில் அருளே. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் நூறு குறட்பாக்களால் ஆன திருவருட்பயனில் அருளுக்கென்றே தனி அதிகாரங்கள் வகுத்து, உயிரோடு உடனாய் நின்றும் உயிரால் அறியப்படாதிருக்கும் அதன் நிலையை விளக்கியிருக்கிறார். நூலில் படிக்கும்போது எட்டாத இந்தக் கருத்து, எண்ணூர்ச் சாலையில் திரும்பி மிதிக்கும்போது சரீரத்துக்கே புரிந்துவிடுகிறது.

இதே சாலையில் நடந்தவர்களுள் இராமலிங்க அடிகளை நினையாமல் இருக்க முடியவில்லை. சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் தமையனார் வீட்டில் வளர்ந்த அந்த இளம்பிள்ளை, ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தூரம் நடந்து திருவொற்றியூருக்குப் போய், தியாகராசப் பெருமானையும் வடிவுடையம்மனையும் தொழுவதை நித்திய வழக்கமாகக் கொண்டிருந்தார். ஒருநாள் இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பி, கதவு சாத்தியிருக்கக் கண்டு, உறங்குவோரை எழுப்ப மனம் வராமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டாராம். அண்ணியார் எழுப்பி அன்னம் இட்டார், உண்டு படுத்தார். சற்று நேரத்தில் அண்ணியார் மறுபடியும் வந்து, சாப்பிட வா என்று அழைத்தபோதுதான், முதலில் வந்தவள் யார் என்பது அவருக்குத் தெரிந்தது. பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இந்த வரலாற்றில் என் மனத்தைப் பிணிப்பது அம்மன் வந்தாள் என்னும் அற்புதத்தைக் காட்டிலும், அவள் அண்ணியாகவே வந்து அண்ணியாகவே போய்விட்டாள் என்பதுதான். உண்ணும்போது அவருக்குத் தெரிந்தது சோறும் அண்ணியின் அன்புமே. உண்மையான அண்ணி வராமல் இருந்திருந்தால் அவர் என்றைக்கும் அறிந்திருக்கமாட்டார். அறியாதிருந்தாலும் பசி தீர்ந்தது தீர்ந்ததே.

மறைப்பைப் போற்றும் வழக்கம் திருவொற்றியூர்க் கோயிலின் கருவறையிலேயே இருக்கிறது. புற்றுருவான ஆதிபுரீசுவரர் திருமேனி ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கிறது; கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டுமே கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தித் தரிசனம் தருகிறார்கள். அந்த மூன்று நாள்களில் கூட்டம் தெருவெல்லாம் வழியும். மற்ற நாள்களில் வந்து கவசத்தைத் தொழுது செல்கிறவர்கள் இறைவனைக் காணாமல் திரும்பினோம் என்று நினைப்பதில்லை.

முயற்சிக்கு எவ்வளவு பங்கு, அருளுக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்தீன் என்னும் ஆயர், மனிதன் தன் சங்கற்பத்தாலேயே நல்வழி நிற்கக்கூடும் என்று போதித்த பெலாஜியஸோடு வாதிட்டு, அருளின்றி அது இயலாது என்று நாட்டினார். நம் வைஷ்ணவ ஆசாரியர்கள், குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயம் என்றும், தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும் மார்ஜார நியாயம் என்றும் பிரிந்து நின்றார்கள். இராயபுரத்து மீனவர்களும் படகோட்டிகளும் போற்றும் இராயப்பர் என்னும் பேதுருவின் கதையும் இந்த வழக்கோடு சேர்ந்ததே: அலைமேல் நடந்துவந்தவர், வீசிய காற்றைக் கண்டு அஞ்சிய கணத்தில் மூழ்கத் தொடங்கினார் என்றும், இயேசுவின் கை நீண்டு அவரைப் பிடித்தது என்றும் சுவிசேஷம் கூறுகிறது. இந்த வாதங்களையெல்லாம் வணக்கத்தோடு கற்றபின்னும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. முயற்சியும் அருளும் தராசின் இரண்டு தட்டுகளில் தனித்தனியே வைத்து நிறுக்கத்தக்கவை என்று வாதிகள் இருவருமே முன்கூட்டி ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். பின்காற்றில் செல்கிறவனிடம், இந்த ஒரு சுற்றில் உன் கால் செய்தது எது, காற்று செய்தது எது என்று கேட்டால் அவனால் பிரித்துக் காட்ட முடியுமா? காற்று அவன் மிதியை இலேசாக்குகிறது. இலேசான மிதியாகவே அது அவனுக்குக் கிடைக்கிறது. வேறு உருவம் அதற்கு இல்லை. சைக்கிளை நிறுத்தி ஓரமாக நிற்கிறவனுக்கு அதே காற்று முதுகில் படும் வெறுங்காற்றுதான்.

இவ்வளவும் சொன்னபின், இந்தச் சாலையே எழுப்பும் ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறாமல் போவது நேர்மையாகாது. வடக்கே போகிறவனைத் தாங்கும் காற்றே தெற்கே வருகிறவனைத் தடுக்கிறது. ஒரே காற்று ஒருவனுக்கு உபகாரமும் மற்றொருவனுக்கு உபத்திரவமும் ஆகுமானால், அதை அருளுக்கு ஒப்பிடுவது தகுமா? சாலையில் செல்லும் இருவரைப் பொறுத்தவரையில் நான் கலங்கவில்லை. அவர்கள் இருவருமே திரும்புவார்கள். ஆனால் இக்கரையில் வாழ்கிறவர்கள் திரும்புவதற்கு வழியில்லாதவர்கள். ஆண்டின் பெரும்பகுதியில் தென்திசை அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிச் செல்லும் இயல்புடைய கடற்கரை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட சுவர்கள் அந்த மணலை மறித்தன. மறித்த மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரீனா அகன்றது. மணல் வராத வடகரையைக் கடல் அரித்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீடுகளையும் தெருக்களையும் கோயில்களையும் இழந்த குப்பங்கள் பல. இன்று கருங்கற்களைக் கொட்டித் தூண்டில் வளைவுகள் அமைத்து எஞ்சியதைக் காத்துவருகிறார்கள். மாலையில் மெரீனாவில் உலாவச் செல்லும் ஒருவனுக்காவது, தன் பாதத்தின்கீழ் இருக்கும் மணலில் திருவொற்றியூர்க் கரைக்குச் சேரவேண்டிய பங்கு உண்டு என்று தெரியுமா? அவன் வீட்டில் எரியும் விளக்குக்காக எண்ணூரில் நிலக்கரி எரிந்தது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, காட்டுக்குப்பத்தாரும் முகத்துவாரக்குப்பத்தாரும் இறாலும் நண்டும் பிடித்துவந்த நீரைக் கெடுத்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அதே கழிமுகத்தில் பரவியது. நகரத்தின் சௌகரியமும் ஒரு பின்காற்றே. அதைப் பெறுகிறவர்கள் அதனை உணர்வதில்லை. ஆனால் இதற்கும் அருளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இது மனிதர் கைகளால் திருப்பிவிடப்பட்ட காற்று, கணக்குக் கேட்கப்பட வேண்டியது, சரிசெய்யப்பட வேண்டியது. இதனைக் குப்பத்தாரின் முன்வினை என்றோ, இறைவனின் மறைப்பு என்றோ விளக்கம் கூறத் துணிகிறவன் சித்தாந்தத்துக்குப் பெரிய அபசாரம் செய்கிறான் என்றே கருதுகிறேன்.

திருவொற்றியூரிலேயே சக்கரப்பாடித் தெருவில் பிறந்த கலிய நாயனாரின் சரித்திரத்தை இந்த எச்சரிக்கையோடுதான் நான் படிக்கிறேன். எண்ணெய் வாணிபக் குலத்தில் பெருஞ்செல்வராய்ப் பிறந்து, கோயிலின் உள்ளும் புறமும் எண்ணிறந்த விளக்குகளை ஏற்றிவந்தவர். செல்வம் போனபின் பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அந்தக் கூலியால் ஏற்றினார். அதுவும் நின்றபின் செக்கு ஓட்டும் கூலியாளாகி ஏற்றினார். அதற்கும் ஆள் மிகுந்து வேலை கிடைக்காமற் போகவே, வீட்டையும் பண்டங்களையும் விற்று, மனைவியையே விற்கவும் துணிந்து, கொள்வார் இல்லாமையால், எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தையே வார்ப்பதற்குக் கழுத்தை அரியத் தொடங்கினார். அப்போது இறைவன் திருக்கை வந்து தடுத்தது என்கிறார் சேக்கிழார். கழுத்தில் பட்ட கருவியைப் பிடித்த அந்தக் கையை யாவரும் கண்டுகொள்கிறோம். செக்கைச் சுற்றிச் சுற்றி நடந்த நாள்களில் அது அவருடைய கால்களிலேயே இருந்தது என்று கொள்வதற்கும் எனக்குத் தடையில்லை. கூலிவேலையும் மறுக்கப்பட்டு, அகல்கள் வெறுமையாய்க் கிடந்த நாளில் அது எங்கே இருந்தது என்று கேட்டால், மறைந்து இருந்தது என்பது சித்தாந்தத்தின் விடை. அந்த விடையைக் கூறும் உரிமை நாயனாருக்கு உண்டு. முகத்துவாரத்தில் வெறும் வலையோடு கரையேறுகிறவரும் தம்மைக் குறித்து அதைக் கூறலாம். சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற நான் அவரிடம் அதைக் கூறமாட்டேன்.