காலியான சாலை

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு சாலைக்குக் கொடுக்கும் ஆகப்பெரிய பாராட்டு "காலி". ரோடு எப்படி இருந்துச்சு என்று கேட்டால், "சூப்பர், காலியா இருந்துச்சு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். வாரத்தில் மூன்று காலை, லேப்டாப்பைத் திறப்பதற்கு முன், உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் ஓட்டுகிறேன். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் வந்தவாசிக்கும் போகிற பெரிய சாலைகளில் கல்குவாரி டிப்பர்கள் ஓடும். அங்கே சைக்கிள்காரனுக்கு உயிர் கையில்தான். ஆனால் அவற்றிலிருந்து பிரிகிற சின்னச் சாலைகள் வேறு உலகம். ஒரு கார் போகிற அகலம். ஒரு பக்கம் ஏரிக்கரை, பனைமரங்கள். மறுபக்கம் நெல். மேடு பள்ளமே கிடையாது. 40 கிலோமீட்டர் சுற்றி வந்தாலும் எதிரே பத்து வண்டி வந்தால் அதிகம்.

இந்தக் காலி எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. காலி என்பது தானாக விளைவதில்லை. இந்தச் சாலையில் யாரோ இருந்திருக்க வேண்டும், இப்போது இல்லை.

கணக்குப் போட்டால் பதில் எளிது. விடியும் முன்பே ஷிப்ட் பஸ் வந்து இளைஞர்களை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இருபது பேர் குனிந்து அறுத்த வயலை அறுவடை மெஷின் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நான் அதிகம் ஓட்டும் சாலையில் டவுன் பஸ் நாளைக்கு நாலு நடை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எனக்குத் தெரிந்து இந்த மாநிலத்தில் பெண்களின் கையில் நேரடியாகப் போய்ச் சேர்ந்த நல்ல திட்டங்களில் அது ஒன்று. ஆனால் டிக்கெட் இலவசமாக இருக்க, முதலில் பஸ் வரணும். நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவும் "ரோடு காலியா கெடக்குது" என்றுதான் சொல்கிறார். என் வாயில் வந்த அதே சொல்.

மூன்றாவதாக இன்னொருவர் இருக்கிறார். இந்தச் சாலைகளில் உண்மையில் அதிகம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எங்களைப் போன்ற ஹெல்மெட்காரர்கள் அல்ல, அரசு கொடுத்த சைக்கிளில் போகிற பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். காலை எட்டரைக்கு மூன்று மாணவிகள் சாலையை அடைத்துக்கொண்டு பேசியபடி போவார்கள். மாலையில் டியூஷன் முடிந்து ஒருத்தி மட்டும் தனியாக அந்த ஏரிக்கரையைக் கடக்கிறாள் என்று வையுங்கள். அவளுக்குக் காலி என்றால் பயம். பெடலை வேகமாக மிதிக்க வைக்கிற பயம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அதைப் பற்றி பி. சாய்நாத் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே கொண்டாட்டம் காலியான சாலையில் இல்லை, பெண்களால் சாலை நிறைந்ததில் இருந்தது.

ஆக, ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்: எனக்கு சந்தோஷம், ஒருவருக்குக் காத்திருப்பு, ஒருத்திக்கு பயம். அடுத்தவரின் இல்லாமையில் நான் மகிழ்வது நியாயமா?

உடனே ஒரு மறுப்பு வரும். என் தொழில் பாஷையில் சொன்னால், நான் சாலையை 'ரீட்-ஒன்லி'யாகத்தான் பயன்படுத்துகிறேன். எதையும் மாற்றவில்லை, எதையும் எடுக்கவில்லை. நான் ஓட்டாமல் வீட்டில் படுத்திருந்தால் ஐந்தாவது நடை பஸ் வந்துவிடுமா? வராது. அப்புறம் எதுக்கு இந்தக் குற்ற உணர்வு?

இந்த மறுப்பு பாதி சரி. அழகான இடங்களின் வரலாற்றைத் தோண்டினால் மிஞ்சுவது ரொம்பக் குறைவு. உலகம் முழுக்க சைக்கிள்காரர்கள் ஏங்குகிற இங்கிலாந்தின் கிராமத்துச் சந்துகளையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் பச்சை வேலி, நடுவில் வளைந்து போகிற ஒற்றைச் சாலை. அந்த வேலிகளில் சில பல நூற்றாண்டு பழையவை. ஆனால் நிறைய வேலிகள் சுமார் 1750க்கும் 1850க்கும் இடையில் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கில் நிறைவேற்றிய நில அடைப்புச் சட்டங்களால் முளைத்தவை. ஊர்ப் பொது நிலத்தில் மாடு மேய்த்தவர்களையும் விறகு பொறுக்கியவர்களையும் வெளியே நிறுத்த நட்ட வேலி. தன் ஊர் அப்படி அடைபட்டதைப் பார்த்துத்தான் ஜான் கிளேர் என்ற உழைப்பாளிக் கவிஞர் மனம் உடைந்து எழுதினார். இன்று அதே வேலி போட்டோவில் அழகாக இருக்கிறது. அதை ரசிக்கிறவனை அடைப்பில் பங்காளி என்று சொல்ல முடியாது.

சொல்ல முடியாதுதான். ஆனால் ரசிப்பது வேறு, அது அப்படியே நீடிக்கணும் என்று விரும்புவது வேறு. ரசனை ரீட்-ஒன்லியாக இருக்கலாம். விருப்பம் அப்படி இருக்காது. விருப்பம் வெளியே வந்து மனு எழுதும்.

இது கற்பனை இல்லை. தை அறுவடைக்குப் பிறகு இந்தச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். என் டயரின் அகலம் 28 மில்லிமீட்டர், நெல் மேல் ஏறினால் வழுக்கும். இருட்டில் நெல்லுக்குக் காவலாக வைத்த கல்லில் மோதி பைக்காரர்கள் விழுவதும் உண்டு. "கலெக்டர் ஆபீஸ்ல ஒரு பெட்டிஷன் போடலாமா?" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கோபம்தான். ஆனால் நெல் ஏன் ரோட்டுக்கு வந்தது? நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மெஷின் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். களம் போதாது. ஊரிலேயே நன்றாகச் சூடேறுகிற, தட்டையான, காலியான இடம் தார்ச்சாலைதான்.

ஒருநாள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பாட்டி என்னை நிறுத்தினார்.

"நெல்லு மேல ஏத்தாம ஓரமா போப்பா. எங்க போற இம்மாம் வேகமா?"

"சும்மாதான் ஆயா."

"சும்மா போறதுக்கா இம்மாம் வேகம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று உறைத்தது. அந்தச் சாலையில் 'சும்மா' வந்தவன் நான் ஒருத்தன்தான். விலக வேண்டியது யார் என்பதற்கு அதுவே போதுமான பதில்.

அப்படியானால் அமைதியான சாலையை விரும்புவதே தப்பா? இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் பக்கம் போனால் வேடந்தாங்கல். அந்த ஊர்க்காரர்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஏரிப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அங்கேயும் அமைதிக்கு ஒரு விலை உண்டு. ஆனால் விலை கொடுக்கிறவர்களே அதைத் தீர்மானித்தார்கள், பலனும் அவர்களுக்கு வந்தது. நான் ஓட்டுகிற சாலையின் அமைதியை அந்த பஸ் ஸ்டாப் அம்மா தேர்ந்தெடுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் முழு வித்தியாசமும் அதுதான்.

யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு உத்திரமேரூரில் கல்லிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியங்கள், கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வரி கட்டும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேத ஞானமும் வேண்டும். நிலமும் வீடும் வயதும் எனக்கு இருக்கிறது. மற்றதில் நான் அவுட். அந்தப் பாட்டியோ நாலிலும் தேற மாட்டார். ஏரித் தண்ணீரில் நின்று வேலை செய்தவர்களின் பெயர் ஏரி வாரியப் பானைக்குள் போனதே இல்லை. இன்றும், மனு எழுதத் தெரிந்தவனின் சௌகரியம்தான் 'பொதுநலன்' என்ற பெயரில் சீக்கிரம் மேசைக்குப் போகிறது.

அதனால் எனக்கு நானே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்தச் சாலையில் நாளைக்கு நாலு நடைக்குப் பதில் பன்னிரண்டு நடை பஸ் வருகிறது, ஏரிக்கரையில் விளக்கு எரிகிறது, ஊருக்கு ஒரு நல்ல களம் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால், என் மனதில் முதலில் எழுவது என்ன? "அய்யோ, ரூட் போச்சே" என்றால், நான் இத்தனை நாள் ரசித்தது சாலையை அல்ல, மற்றவர்கள் அங்கே இல்லாததை. சந்தோஷம் என்றால், இன்றைக்குக் காலியாக இருக்கும் சாலையில் தாராளமாக ஓட்டலாம்.

என் முதல் எண்ணம் எதுவாக இருக்கும் என்று செய்தி வரும்வரை தெரியாது. இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழுவில் மனு எழுதுவதாக இருந்தால், நெல்லை எடுக்கச் சொல்லி வேண்டாம், களம் கேட்டு எழுதலாம். பஸ் கேட்டு எழுதலாம். பஸ் வந்தால் அந்த அகலத்தில் சைக்கிளும் பஸ்ஸும் சேர்ந்து போக முடியாது. நான்தான் இறங்கி, மண்ணில் காலை ஊன்றி, அது போகும்வரை நிற்கணும். சராசரி வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.