வெற்றுச் சட்டைக்கை

எந்தப் புகைப்படத்தைப் பார்த்தாலும் கோட்டின் வலது கை பக்கப் பைக்குள் செருகியிருக்கிறது. தெரியாதவர் பார்த்தால், பைக்குள் எதையோ தேடுகிறார் என்று நினைக்கலாம்.

உள்ளே கை இல்லை.

டேனியல் இனொயே. ஹவாய்த் தீவுகளின் அமெரிக்க செனட்டராக இருந்தவர்.

*

1941 டிசம்பர் 7. ஹொனலூலுவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. பதினேழு வயதுப் பையன். அறுவை மருத்துவராக வேண்டும் என்ற ஆசை. முதலுதவி கற்றிருக்கிறான்.

வானில் விமானங்கள். இறக்கைகளில் சிவப்பு வட்டம்.

ஜப்பானில் தீப்பிடித்த வீடுகளுக்கான கடனை அடைக்கக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர் தாத்தா. அந்த வட்டம் அவருடைய ஊரின் வட்டம்.

பையன் முதலுதவி நிலையத்துக்கு ஓடுகிறான்.

*

அந்த ஜப்பானியத் தாக்குதலுக்குப் பிறகு அவனைப் போன்றவர்களுக்கு ராணுவப் பதிவேட்டில் ஒரு குறியீடு. 4-சி. எதிரி நாட்டவர்.

பிறந்தது ஹொனலூலுவில்.

*

1943. ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களுக்கென்று தனிப் படைப்பிரிவு, 442. மருத்துவப் படிப்புக்கான வகுப்புகளை விட்டுவிட்டுச் சேர்கிறான்.

வழியனுப்ப அப்பா உடன் வருகிறார். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு நாட்டைப் பற்றி, மானத்தைப் பற்றி, இரண்டு மூன்று வாக்கியம்.

மறுபடி மௌனம்.

*

மிசிசிப்பியில் பயிற்சி முகாம். ஹவாயிலிருந்து வந்தவர்களுக்கும் பெருநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும் ஒத்துவரவில்லை. ஒரே முகம், வேறு வேறு பேச்சு. அடிதடி.

ஒருநாள் ஹவாய் ஆட்கள் சிலரை வண்டியேற்றி அர்கன்சாஸில் ரோவர் என்ற இடத்துக்கு அனுப்புகிறார்கள். போகும்போது பாட்டு.

அங்கே முள்வேலி. காவல் கோபுரம். துப்பாக்கிகள் உள்பக்கம் பார்த்திருக்கின்றன. வேலிக்குள் ஜப்பானியக் குடும்பங்கள். உடன் பயிற்சி பெறுகிறவர்களின் அப்பா அம்மாக்கள். அந்தப் பையன்கள் இப்படிப்பட்ட வேலிகளுக்குள்ளிருந்துதான் ராணுவத்துக்குக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார்கள்.

திரும்பும்போது வண்டியில் யாரும் பாடவில்லை.

இந்த மௌனத்தை அவர் கிழவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். போரைச் சொல்வதைவிட மெதுவாக.

*

1945 ஏப்ரல் 21. இத்தாலி. சான் டெரென்சோ ஊருக்கு அருகே கொல்லே முசாட்டெல்லோ என்ற மலைமுகடு. மூன்று இயந்திரத் துப்பாக்கிகள்.

வயிற்றில் ஒரு குண்டு. நடக்கிறான்.

முள் பிடுங்கிய கைக்குண்டு வலக்கையில். எறியப் போகும் நேரம். எதிரில் இருப்பவன் சுட்டது முழங்கையில் வந்து விழுகிறது. முழங்கை போய்விட்டது. தோலிலும் சதையிலும் தொங்குகிறது கை. விரல்கள் மட்டும் கைக்குண்டை விடாமல் மூடியிருக்கின்றன.

அந்த விரல்களுக்கு இனி யார் சொல்லும் எட்டாது.

உதவிக்கு ஓடி வருகிறவர்களைத் தள்ளிப் போகச் சொல்கிறான். இடக்கையால் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான். குண்டை எடுக்கிறான். எறிகிறான்.

11 நாளில் இத்தாலியில் போர் முடிகிறது.

*

இதை எழுதும் கை சற்று நிற்கிறது.

பேனாவின் எடை. நடுவிரலில் அது பதியும் இடம். விரல்நுனியில் மெல்லிய துடிப்பு.

இடக்கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்க்கிறேன். பொத்தான் துளைவரை வந்து திரும்பிவிடுகிறது.

வெளியே யாரோ வாளியை இழுக்கிறார்கள். பிறகு அதுவும் இல்லை.

*

மருத்துவமனை. ஒரு செவிலியிடம் சிகரெட் கேட்கிறான். பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். திரும்பி வந்து, ஒற்றைக் கையால் எப்படிப் பற்றவைப்பது என்று செய்து காட்டுகிறாள்.

அறுவை மருத்துவம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு தீக்குச்சியில்.

*

மிச்சிகனில் பேட்டில் கிரீக். கார்ன்பிளேக்ஸ் பிறந்த ஊர். கெல்லாக் மருத்துவர் நடத்திய பழைய ஆரோக்கிய நிலையம் அப்போது பெர்சி ஜோன்ஸ் ராணுவ மருத்துவமனை.

நார்மண்டிக் கரையில் காயம்பட்ட பிலிப் ஹார்ட் அங்கே இருக்கிறார். கான்சாஸ்காரர் பாப் டோல் இருக்கிறார். இத்தாலியில் வேறொரு மலையில், ஒரு வாரம் முன்னால், தோள் சிதைந்தவர். அவருக்கு வலக்கை இருக்கிறது. வேலை செய்வதில்லை.

சீட்டாடுகிறார்கள். பிரிட்ஜ்.

13 சீட்டுகளை ஒரே கையில் விசிறியாக விரித்துப் பிடித்துவிடலாம். அதிலிருந்து ஒன்றை உருவத்தான் இன்னொரு கை வேண்டும்.

இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று பேச்சு வருகிறது. டோல் திட்டம் வைத்திருக்கிறார். ஊர் வழக்கறிஞர், மாநில சட்டசபை, பிறகு நாடாளுமன்றம். இனொயே கேட்டுக்கொள்கிறார்.

மூவரும் செனட்டுக்கு வருகிறார்கள். ஹார்ட்டும் இனொயேயும் ஜனநாயகக் கட்சி. டோல் குடியரசுக் கட்சி. திட்டம் போட்டவருக்கு முன்னால் கேட்டுக்கொண்டவர் நாடாளுமன்றம் போய்ச் சேர்கிறார்.

*

ஊர் திரும்பும் வழியில் சான் பிரான்சிஸ்கோ. முடிவெட்டிக்கொள்ள ஒரு கடைக்குள் நுழைகிறார். சீருடை. நெஞ்சில் பதக்கங்கள். கையிருந்த இடத்தில் இரும்புக் கொக்கி.

ஜப்பானியருக்கு இங்கே வெட்டுவதில்லை என்கிறார் கடைக்காரர்.

வெளியே வருகிறார்.

*

1959 ஆகஸ்ட். ஹவாய் 50ஆவது மாநிலமாகிறது. அதன் முதல் பிரதிநிதி, பதவிப்பிரமாணத்துக்கு நிற்கிறார்.

வலக்கையை உயர்த்துங்கள் என்கிறார் சபாநாயகர் சாம் ரேபர்ன்.

வாசகம் முன்பே எழுதிவைத்தது. ஆள் பின்னால் வந்தவர்.

இடக்கை உயர்கிறது.

*

1963 முதல் செனட். அரை நூற்றாண்டு. பெரும்பகுதி சாலை, துறைமுகம், ராணுவத் தளம், தீவுக்கு எவ்வளவு பணம். சொல்ல அதிகமில்லை. காகிதங்கள் வருகின்றன, போகின்றன.

*

செனட்டில் பெயர்சொல்லி வாக்கெடுக்கும்போது கை தூக்க வேண்டியதில்லை. ஆம், அல்லது இல்லை.

1960களில் அதிபர் ஜான்சனின் வியட்நாம் போருக்கு ஆதரவாக நிற்கிறார். பிறகு விலகுகிறார்.

1991 ஜனவரி. வளைகுடாப் போர். 52க்கு 47 என்று நிறைவேறுகிறது. அவர் இல்லை என்கிறார்.

2002 அக்டோபர். ஈராக். 77க்கு 23. இல்லை.

அந்த ‘இல்லை’க்கும் இத்தாலிய மலைமுகட்டுக்கும் ஒரு கோடு இழுக்கத் தோன்றுகிறது. தோன்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராணுவ நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்கும் பல ஆண்டுகள் இவரேதான் தலைவர். கப்பலுக்கும் விமானத்துக்கும் பணம் இவர் மேசை வழியாகப் போகிறது.

கோடு எங்கேயும் நேராகப் போகவில்லை.

*

1973. வாட்டர்கேட் விசாரணை. அதிபர் நிக்சனின் ஆலோசகர் எர்லிக்மேன் சாட்சி சொல்லி முடிக்கிறார். என்ன பொய்யன் என்று இனொயே தனக்குள் முணுமுணுக்கிறார். ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை. நாடு முழுக்கக் கேட்கிறது.

சில நாளில், எர்லிக்மேனின் வக்கீல் வாயிலிருந்து, நிருபர்களிடம், அந்தக் குட்டி ஜப்பான்காரன் என்ற வார்த்தை.

அதுவும் கேட்கிறது.

*

ககோஓலாவே. ஹவாயின் சிறு தீவு. 1941 முதல் ராணுவமும் கடற்படையும் குண்டு போட்டுப் பழகிய இடம். 1976இல் ஹவாய் மக்கள் சிலர் படகேறிப் போய் மணலில் இறங்கிப் பிடிவாதம் காட்டுகிறார்கள். 1990இல் குண்டு நிற்கிறது. 1993இல் இனொயே கொண்டுவந்த சட்டம் தீவை மாநிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. துப்புரவாக்க 40 கோடி டாலர்.

வெடிக்காத குண்டுகளைத் தேடி மனிதர்கள் குனிந்து நடக்கிறார்கள். ஒரு சாண், இன்னொரு சாண்.

2004இல் கடற்படை வேலையை முடித்துக்கொள்கிறது. தீவில் ஏறக்குறைய கால்பங்கு அப்படியே கிடக்கிறது. செம்மண். காற்று.

*

1992 தேர்தல் நாட்கள். ஒரு பெண் அவர்மீது பாலியல் அத்துமீறல் புகார் சொல்கிறார். அவர் மறுக்கிறார். தேர்தலில் வெல்கிறார்.

இந்தக் குறிப்பை வேறெங்கும் சேர்க்க முடியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

*

1988. முள்வேலிக்குள் வைக்கப்பட்டவர்களிடம் நாடு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்கிறது. உயிரோடு இருப்பவருக்குத் தலா 20,000 டாலர். முதலில் ஒரு விசாரணைக் குழு வைக்கலாம் என்று யோசனை சொன்னவர்களில் இனொயேயும் ஒருவர்.

ரோவர் முகாமில் அன்று வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெரியவர்களில் எத்தனை பேருக்கு அந்த மன்னிப்பு போய்ச் சேர்ந்திருக்கும்.

*

2000 ஜூன் 21. வெள்ளை மாளிகை. ஆசிய வம்சாவளிப் போர்வீரர்கள் 22 பேருக்கு நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம். 55 ஆண்டு தாமதம். பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

அதிபர் கிளின்டன் நாடாவைக் கழுத்தில் கட்டுகிறார். இனொயே நேராகப் பார்க்கிறார்.

*

டோல் வலக்கையில் எப்போதும் ஒரு பேனா வைத்திருந்தார். எழுத அல்ல. யாரும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வராதிருக்க.

இனொயேயின் அலுவலகம் இருந்த கட்டடத்துக்கு ஹார்ட் பெயர். ஹார்ட் 1976இல் போய்விட்டார். இனொயே தினமும் அந்தப் பெயருக்குக் கீழே நுழைந்துதான் வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

*

2010. செனட்டின் மூத்தவர் என்ற முறையில் தற்காலிகத் தலைவர் பதவி. அதிபருக்கு ஏதாவது ஆனால் அடுத்து யார் என்ற வரிசையில் மூன்றாவது.

4-சி.

*

2012 டிசம்பர் 17. 88 வயது. அலோஹா என்பது கடைசி வார்த்தை என்கிறது அவர் அலுவலகம்.

மூன்று நாள் கழித்து, நாடாளுமன்றத்தின் குவிமாடத்துக்குக் கீழே பெட்டி. டோலைச் சக்கர நாற்காலியில் கொண்டுவருகிறார்கள். 89 வயது. உட்கார்ந்தபடி தன்னை டேனி பார்க்கக் கூடாது என்கிறார். ஒருவர் தாங்கிப் பிடிக்க எழுந்து நடக்கிறார். இடக்கையால் வணக்கம் வைக்கிறார்.

*

இறந்த அன்று ஆளுநருக்கு ஒரு கடிதம் போகிறது. தன் இடத்துக்கு கொலீன் ஹனபூசாவை நியமிக்க வேண்டும் என்று விருப்பம்.

ஆளுநர் பிரையன் ஷாட்ஸை நியமிக்கிறார். விடுமுறைக்கு ஹவாய் வந்திருந்த அதிபர் ஒபாமா திரும்பும் விமானத்திலேயே ஷாட்ஸும் வாஷிங்டன் போகிறார். வருடக் கடைசி. வரி மசோதாவுக்கு வாக்குகள் தேவைப்படுகின்றன.